பேச்சு வரலை, பாட்டு மட்டும் வருது: எப்படி?

ரகு: பக்கவாதம் வந்தவங்க சிலர் ‘தண்ணி’ன்னு கேட்கவே திணறுறாங்க, பழைய பாட்டை மட்டும் வரி பிசகாம பாடுறாங்க. மூளையில என்ன நடக்குது? இதை வச்சுப் பேச்சைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

செல்வி: பெரும்பாலானவங்களுக்குப் பேச்சை நடத்துறது இடது மூளை. அதோட முன்பகுதி அடிபட்டா புரிதல் ஓரளவு தங்கும், சொல் கோர்க்கிறது உடையும். 1861-ல் பாரிஸில் புரோக்காங்கிற டாக்டர் பார்த்த லெபோர்ஞ் என்ற நோயாளி, ‘டான்’ங்கிற ஓசையைத் தாண்டி அநேகமா எதுவும் பேசலை. மெட்டுக்கு வலது மூளையும் கைகொடுக்கும். மனப்பாட வரி தானா ஓடும். அதனால மட்டும் பேச்சு வந்திடாது.

தணிகை: ஒரு திருத்தம். செல்வி சொன்ன அந்த இடது முன்பகுதியில இருக்கிற புரோக்கா பகுதி மட்டும் சேதமானா பேச்சு பெரும்பாலும் சீக்கிரம் திரும்பிடும். பதப்படுத்தி வச்சிருந்த லெபோர்ஞ் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்து 2007-ல் வெளியிட்டாங்க. காயம் ரொம்ப ஆழமா போயிருந்தது.

பயிற்சிக்கு சினிமாப் பாட்டு வேண்டாம். 1973-ல் வெளியான முறை இது: ‘தண்ணி வேணும்’ மாதிரி நாலு அசைக்குள்ள ஒரு தொடர், மேலே ஒண்ணு கீழே ஒண்ணுன்னு ரெண்டே சுரம், வினாடிக்கு ஒரு அசை. ஒவ்வொரு அசைக்கும் நோயாளியோட இடது கையைத் தட்டுங்க. முதல்ல நீங்க முனகணும், அப்புறம் சேர்ந்து பாடணும், பிறகு பாதியில நீங்க நிறுத்தி அவங்களை முடிக்க விடணும். கடைசியா ‘என்ன வேணும்?’னு கேட்டுப் பதில் வாங்கணும். இதை விட்டா கிளிப்பிள்ளைப் பேச்சோட நின்னுடும்.

சரளமா, ஆனா அர்த்தமில்லாம பேசுற வெர்னிக்கே வகைப் பேச்சுக் கோளாறுக்கு இது ஒத்துவராது.

ரகு: ஏன் இடது கை?

செல்வி: வலது கை பல பேருக்குச் செயலிழந்திருக்கும். இடது கையை ஆட்டுறது வலது மூளை, நமக்கு வேண்டியதும் அந்தப் பக்கம்தான்.