மல்டிபாடியில் வரைந்த பம்ப்: அசெம்பிளி ஏன் கூடவே மாறவில்லை?

கணபதி_பம்ப்:
வணக்கம்ங்க. சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி டிசைன் சாஃப்ட்வேரில் 5 எச்பி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாக உள்ளது) ஒன்றை மல்டிபாடியாக, அதாவது எல்லாப் பாகங்களையும் ஒரே பார்ட் ஃபைலில் வரைந்திருந்தேன். கேசிங் (வெளிக்கூடு), அடாப்டர் (கேசிங்கை மோட்டாரோடு இணைப்பது), இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) எல்லாம் அதிலேயே. அதுதான் மாஸ்டர். பிறகு சேவ் பாடீஸ் என்ற கட்டளை கொடுத்துத் தனித்தனி பார்ட் ஆக்கி, பாகங்களைச் சேர்த்துக் காட்டும் அசெம்பிளியும் அங்கிருந்தே உருவாக்கினேன்.

கேசிங் வாயும், அதற்குள் நுழையும் அடாப்டர் விளிம்பான ஸ்பிகாட்டும் 162 மிமீ விட்டம். ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மாறியதால் இரண்டையும் 164 ஆக்கச் சொன்னார்கள். அவசரத்தில் ஸ்கெட்சைத் தொடாமல், வரைந்த படிகளின் வரிசைப் பட்டியலான ட்ரீயின் கடைசியில் கேசிங்குக்கு ஒரு கட் (குடைவு), அடாப்டருக்கு ஒரு பாஸ் (சேர்ப்பு) போட்டேன். மாஸ்டரில் பார்த்தால் இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. கேசிங் ட்ராயிங்கை மாஸ்டரிலிருந்து எடுத்திருந்தேன், அதில் 164 வந்துவிட்டது. அடாப்டர் ட்ராயிங் சேவ் ஆன பார்ட்டிலிருந்து எடுத்தது. அதில் 162 அப்படியே நின்றிருக்கிறது. நான் கவனிக்கவில்லை, வெளியே மெஷினிங் செய்து தரும் ஜாப் வொர்க்குக்குத் தாட்டிவிட்டேன்.

28 செட் மெஷினிங் முடிந்து வந்தது. அடாப்டரை உள்ளே வைத்தால் சுற்றிலும் 1 மிமீ இடைவெளி, கையால் தள்ளினால் ஆடுகிறது. சென்டர் போய்விட்டதால் இம்பெல்லர் கழுத்து, அதைச் சுற்றி நிற்கும் தேய்மான வளையமான வேர் ரிங்கில் ஒரு பக்கம் உரசுகிறது. கேசிங்கில் குடைந்ததைத் திரும்ப நிரப்ப முடியாதே, 28 அடாப்டரையும் புதிதாக வார்க்கக் கொடுத்திருக்கிறோம். இரண்டு நாளாக வெசனம் தாங்கவில்லை. மல்டிபாடியையே விட்டுவிடலாமா? நீங்களெல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

பேட்டர்ன்_ஷெட்:
விட்டுவிடுங்கள் தம்பி. நான் மரத்தில் பேட்டர்ன் (வார்ப்புக்கான மாதிரி) செய்து, அப்புறம் கம்ப்யூட்டருக்கு வந்தவன். கேசிங் ஒரு ஃபைல், அடாப்டர் ஒரு ஃபைல், அசெம்பிளியில் ஸ்பிகாட்டை வாயில் வைத்து மேட் (பாகங்களைப் பொருத்தும் கட்டு) போடு, போல்ட் துளையை நேர் செய். அப்படிச் செய்திருந்தால் 162-ம் 164-ம் ஒன்றையொன்று பார்த்திருக்கும், கிளியரன்ஸ் பார்க்கிற நேரத்தில் இடைவெளி கண்ணில் பட்டிருக்கும்.

நீங்கள் உருவாக்கிய அசெம்பிளியில் எல்லாப் பாகமும் மாஸ்டரின் ஆரிஜினில் (தொடக்கப் புள்ளியில்) வந்து நிற்கிறது. அது எதன்மேலும் உட்காரவில்லை, வரைந்த இடத்தில் மிதக்கிறது. அடாப்டர் கேசிங்குக்குள் நுழையுமா, போல்ட்டை முடுக்க ஸ்பேனர் திரும்புமா என்று அது சொல்லவே சொல்லாது. தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற மாதிரி.

திருச்செங்கோடு_ரிக்:
அண்ணா, மன்னிக்கணும், இதில் நான் முழுக்க எதிர்க்கட்சி. நாங்கள் போர்வெல் ரிக் டிசைன். மாஸ்ட் (ரிக்கின் கோபுரம்) ஒன்றிலேயே எத்தனை சேனல், எத்தனை குறுக்குக் கம்பி, எத்தனை கசட் பிளேட் (மூலைத் தகடு)! மாஸ்ட் நீளத்தை அரை அடி கூட்டச் சொன்னால் ஒரு ஸ்கெட்ச் கோட்டை இழுக்கிறேன், எல்லாம் ஒட்டுக்கா மாறுகிறது. வெட்ட வேண்டிய துண்டுகளின் பட்டியலான கட் லிஸ்ட்டும் தானாக நீளம் மாற்றிக்கொள்கிறது. இதைத் தனித்தனி பார்ட்டாக வைத்தால் ஒரு மாற்றத்துக்கு ஒரு நாள் போகும், அதில் நாலு பார்ட்டை மறப்பேன்.

கணபதி நண்பர் விஷயத்தில் தப்பு மல்டிபாடியில் இல்லை, வரிசையில் இருக்கிறது. சேவ் பாடீஸ் என்பது ட்ரீயில் ஒரு ஃபீச்சர். அதற்குக் கீழே என்ன சேர்த்தாலும் சேவ் ஆன பார்ட்டுக்குப் போகாது. அந்தக் கட்டையும் பாஸையும் இழுத்து அதற்கு மேலே வைத்திருந்தால் அடாப்டரும் 164 ஆகியிருக்கும். இல்லை, பாடிமேல் ரைட் கிளிக் செய்து இன்சர்ட் இன்டு நியூ பார்ட் கொடுத்திருந்தால், கடைசியில் சேர்த்ததும் போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டும் ஒன்று போலத் தெரியும், நடத்தை வேறு. எங்கள் ஆபீசில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரமே இதைச் செய்து காட்டிவிடுகிறோம்.

பேட்டர்ன்_ஷெட்:
ரிக் நண்பரே, உங்கள் மாஸ்ட் பற்றவைத்தது. வெல்டிங் முடிந்தால் அது ஒரே பொருள், யாரும் கழற்றப்போவதில்லை. அதை ஒரே ஃபைலில் வரைவது நியாயம். நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற ஃபிரேமுக்கும் அதையே சொல்வேன். பம்ப் அப்படியா? சீல் போனால் வயல்காட்டில் மரத்தடியில் வைத்துக் கழற்றுவார்கள். கழற்றி மாட்டுகிற பொருளுக்குக் கழற்றி மாட்டுகிற மாதிரிதான் மாடல் வேண்டும்.

இன்னொன்று. மாஸ்டரில் வாயும் ஸ்பிகாட்டும் ஒரே வட்டத்திலிருந்து வருகின்றன, அதாவது இரண்டும் ஒரே அளவு. நிஜத்தில் வாய் துளிப் பெரிது, ஸ்பிகாட் துளிச் சிறிது. அந்தத் துளியைத்தான் நாம் விற்கிறோம். ஒரே வட்டமாக வரைந்து பழகினால் அந்த இடைவெளிக்கு யாரும் பொறுப்பில்லாமல் போகிறது.

அரசூர்_டிசைன்:
பேட்டர்ன் அண்ணா, ஒரு கேள்வி. நீங்கள் பேட்டர்னுக்கு வார்ப்பிரும்புச் சுருக்கம் சேர்ப்பீர்கள் இல்லையா, மீட்டருக்கு 10 மிமீ அளவில்? அந்தப் பேட்டர்ன் மாடலைக் கேசிங் மாடலிலிருந்து இழுத்து ஸ்கேல் போடுகிறீர்களா, புதிதாக வரைகிறீர்களா?

பேட்டர்ன்_ஷெட்:
இழுத்துத்தானம்மா. இன்சர்ட் பார்ட், மெஷினிங் அலவன்ஸ் (கடைவதற்கு விடும் கூடுதல் அளவு), அப்புறம் ஸ்கேல்.

அரசூர்_டிசைன்:
அப்படியென்றால் நீங்களும் ஒரு மாஸ்டரிலிருந்து பார்ட் பிறப்பிக்கிறீர்கள். ஆக, பிறப்பிப்பது தப்பில்லை. மாற்றம் எப்போது போக வேண்டும், யார் சொல்லிப் போக வேண்டும் என்பதுதான் சண்டை.

நான் இப்போது ஆன்ஷேப் என்ற வேறு டிசைன் சாஃப்ட்வேரில் வேலை செய்கிறேன். அங்கே பார்ட் ஸ்டூடியோ என்றாலே பல பார்ட் சேர்ந்ததுதான். ஒரே டாக்குமென்ட்டுக்குள் அசெம்பிளி இருந்தால் ஸ்டூடியோவில் மாற்றியவுடன் அங்கும் மாறும். வேறு டாக்குமென்ட்டில் இருந்தால் வெர்ஷன் போட்டுத்தான் இணைக்க முடியும். புது வெர்ஷன் வந்தால் ஒரு குறி காட்டும், நான் அப்டேட் கொடுத்தால்தான் மாறும். முதலில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு முறை ஜாப் வொர்க்கில் பாதி பீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே ஒருவர் ஸ்டூடியோவில் அளவு மாற்றினார். எங்கள் அசெம்பிளியும் ட்ராயிங்கும் வேறு டாக்குமென்ட்டில் பழைய வெர்ஷனைப் பிடித்திருந்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து வெளியே போன ட்ராயிங் தானாக மாறவே கூடாது என்று நினைக்கிறேன்.

திருச்செங்கோடு_ரிக்:
இது எனக்குப் பயமாக இருக்கிறதுங்க. மாறாமல் நிற்பதால்தானே இவருக்கு 28 அடாப்டர் போச்சு? குறி காட்டினால் போதுமா, பார்க்கிறவர் பார்க்க வேண்டுமே. சாலிட்வொர்க்ஸிலும் குறி இருக்கிறது. வெளி ரெஃபரன்ஸ் உள்ள பார்ட்டின் பெயர் பக்கத்தில் அம்புக்குறி, பூட்டியிருந்தால் நட்சத்திரம், மாஸ்டர் திறந்தில்லை, கிடைக்கவில்லை என்றால் கேள்விக்குறி. எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு ட்ராயிங் போடுகிறார்கள்?

அரசூர்_டிசைன்:
அவருடையது நின்றதல்ல, நின்றது தெரியாமல் போனது. நான் நிறுத்துகிறேன் என்று தெரிந்து நிறுத்துவது வேறு. அதுபோக ஒரே செட்டின் இரண்டு ட்ராயிங் இரண்டு இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது பாருங்கள். ஒன்று மாஸ்டரிலிருந்து, இன்னொன்று பிறந்த பார்ட்டிலிருந்து. எனக்கு அதுதான் நடந்ததின் வேர். இரண்டுமே பிறந்த பார்ட்டிலிருந்து வந்திருந்தால் இரண்டும் 162 ஆக வந்திருக்கும். ஓ-ரிங் பொருந்தாது, ஆனால் முதல் செட்டிலேயே தெரிந்திருக்கும்.

சூலூர்_கிரைண்டர்:
நடுவில் நுழைகிறேன். நாங்கள் டில்டிங் கிரைண்டர் செய்கிற சின்ன யூனிட், ஃப்ரீகேட் என்ற இலவச சாஃப்ட்வேர்தான். 2024 நவம்பரில் 1.0 வரும்வரை அசெம்பிளிக்குத் தனி ஆட்-ஆன் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஸ்கெட்சில் ஒரு கோடு சேர்த்தால் மாடலின் முகங்களுக்கு சாஃப்ட்வேர் வைத்த எண் மாறி, டிரம்மில் கட்டியது ஸ்டாண்டில் போய் ஒட்டும். 1.0-ல் அது நன்றாகக் குறைந்திருக்கிறது. அந்த நாளிலேயே கற்றுக்கொண்டது: முகத்தைப் பிடித்துக் கட்டாதே, நீயே வைத்த அச்சு, தளம் இவற்றைப் பிடித்துக் கட்டு. எந்த சாஃப்ட்வேரானாலும் இது உதவும்.

கணபதி_பம்ப்:
எல்லோருக்கும் நன்றிங்க. நேற்று இரவு உட்கார்ந்து சோதித்தேன். கட்டையும் பாஸையும் சேவ் பாடீஸுக்கு மேலே இழுத்ததும் அடாப்டர் 164 ஆகிவிட்டது, ரிக் அண்ணா சொன்னது சரி. ஆனால் மாஸ்டரில் புதிதாக ஒரு வேர் ரிங் பாடி சேர்த்துப் பார்த்தேன். அது அசெம்பிளிக்கு வரவே இல்லை. திரும்ப சேவ் பாடீஸில் டிக் போட்டு, பார்ட்டை நானே அசெம்பிளியில் வைக்க வேண்டியிருந்தது. பாகம் பட்டியலில் ஒன்று குறைந்தே ட்ராயிங் போயிருக்கும்.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். மாஸ்டரில் பாடி எதுவும் வேண்டாம். தண்டு அச்சு, ஸ்பிகாட் வட்டம், போல்ட் பிசிடி (துளைகள் நிற்கும் வட்டம்), சீல் நிற்கும் தளம், இவ்வளவு ஸ்கெட்சும் தளமும் மட்டும். ஒவ்வொரு பார்ட்டும் அதை இழுத்துக்கொண்டு தன் உடம்பைத் தானே வரையும். அசெம்பிளியில் ஆரிஜின் இல்லாமல் ஸ்பிகாட்டில் மேட்.

திருச்செங்கோடு_ரிக்:
பம்புக்கு ஒத்துக்கொள்கிறேன். மாஸ்ட்டுக்கு நான் மாறமாட்டேன்.

பேட்டர்ன்_ஷெட்:
மாற வேண்டாம் நண்பரே. கணபதி தம்பி, இம்பெல்லர் கழுத்து வட்டத்தை மட்டும் அந்த மாஸ்டரில் வைக்காதீர்கள். வேர் ரிங் உள் அளவு ஒரு எண், கழுத்து வெளி அளவு ஒரு எண், இரண்டையும் தனித்தனியே கையால் போடுங்கள். புது அடாப்டர் வந்ததும் 28-ஐயும் ஒரேயடியாகக் கொடுக்காமல் இரண்டை மட்டும் மெஷினிங் செய்து, கேசிங்கில் வைத்துத் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

கணபதி_பம்ப்:
சரிங்கண்ணா. வார்ப்பு வியாழக்கிழமை வருகிறது. இரண்டு மட்டும் லேத்துக்குப் போகும், பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.