நிரல் கூப்பிட்டா திரையில தெரியோணும்: டெஸ்க்டாப் நோட்டிஃபிகேஷன் அனுபவங்கள்

திருப்பூர், பனியன் ஏற்றுமதி அலுவலகம்

எங்க ஊர்ல ஒரு ஆர்டர்னா நூல்ல ஆரம்பிச்சு நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு தேதி இருக்குதுங்க. ஒண்ணு தள்ளுனா அடுத்ததெல்லாம் தள்ளும். கடைசியில கப்பல்ல போகவேண்டிய சரக்கு விமானத்துல போகும், அந்தச் செலவு கம்பெனி தலையில விழும். ஆர்டரை முழுசாக் கவனிச்சுக்கற மெர்ச்சண்டைசருங்க தேதியெல்லாம் எக்செல்ல எழுதித்தான் வெச்சிருக்காங்க. ஆனா நாள் முழுக்க போனும் மெயிலுமா இருக்கறவங்களுக்கு அதைத் தொறந்து பாக்க நேரம் ஏது? அதனால பைத்தான்ல சின்னதா ஒரு நிரல் எழுதினேன். இன்னைக்கு முடியவேண்டியது எது, நாளைக்கு எதுன்னு பாத்துத் திரையோரத்துல சொல்லிரும்.

எங்க கம்ப்யூட்டருங்கள்ல உபுண்டுங்கிற லினக்ஸ் இருக்குது. நோட்டிஃபை-செண்ட்ங்கிற கட்டளைக்கு ஒரு தலைப்பு, ஒரு செய்தி குடுத்தாப் போதும். டெர்மினல்ல கையால ஓட்டுனா உடனே வந்துச்சு. காலையில தானா ஓடட்டும்னு, குறிச்ச நேரத்துல நிரலை ஓட்டிவிடற கிரான்ல போட்டேன். ஷீட்டைப் படிச்சதா நிரல் எழுதிவெக்கற லாக்ல இருக்குது, திரையில ஒண்ணையுமே காணோம்.

காரணம் இதுங்க. லினக்ஸ்ல நிரல் தானே அந்த நோட்டிஃபிகேஷன் பெட்டியை வரையறதில்லை. நிரல்கள் தங்களுக்குள்ள பேசிக்கற டி-பஸ் வழியா சேதி அனுப்பும், க்னோம் கேடிஇ மாதிரி டெஸ்க்டாப்புல அதுக்குன்னு இருக்கற பகுதி வாங்கித் திரையில போடும். அந்த பஸ், லாகின் பண்ணி உக்காந்திருக்கற ஆளோட செஷனுக்குச் சொந்தம். கிரான் அந்த செஷனுக்கு வெளியில ஓடறதால பஸ் எங்கிருக்குன்னு அதுக்குத் தெரியாது. 'டிபஸ் செஷன் பஸ் அட்ரஸ்'ங்கிற சூழல் மாறியில, முன்னால 'யூனிக்ஸ்:பாத்='னு போட்டு, /ரன்/யூசர்/1000/பஸ் ங்கிற பாதையை ஸ்கிரிப்ட் தலையிலயே எழுதிவெச்சதும் வர ஆரம்பிச்சுது. 1000ங்கிறது உபுண்டு நிறுவும்போது உருவாகற முதல் பயனரோட எண். ஒரே மெஷின்ல இன்னொருத்தரும் லாகின் வெச்சிருந்தா அவருக்கு 1001ன்னு இருக்கும். யாருக்குக் காட்டோணுமோ அவர் எண்ணைப் போடோணும்.

இப்ப கிரானையே விட்டுட்டேன். லினக்ஸ்ல பின்னணி வேலைகளை நடத்தற சிஸ்டம்டி-யில பயனர் டைமர்னு ஒண்ணு இருக்குதுங்க. அது அந்த ஆளோட செஷன் கூடவே ஓடறதால பஸ் முகவரியைத் தனியாச் சொல்லவேண்டியதில்லை. புதுசா ஆரம்பிக்கறவங்க நேரா அதுக்கே போங்க.

கோவை, பீளமேடு, சிஎன்சி ஜாப் ஒர்க்

அண்ணா சொன்ன அதே கதைதானுங்க விண்டோஸ்லயும். சிஎன்சிங்கிற கம்ப்யூட்டர்ல ஓடற மெஷினுக்கு ஏத்தற புரோகிராம் ஃபைல்களை ராத்திரியில ஹார்ட் டிஸ்குக்கு பேக்கப் எடுக்க ஒரு நிரல் வாங்கியிருந்தோம். பேக்கப் தோத்துப்போனா திரையில காட்டும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. ஆனா அதை சர்வீஸா, அதாவது யாரும் லாகின் பண்ணாமயே பின்னணியில ஓடற மாதிரி நிறுவியிருந்தாங்க. விண்டோஸ் விஸ்டாவுல இருந்தே சர்வீஸ் எல்லாம் செஷன் 0ங்கிற தனி அறையில ஓடுது, அங்கிருந்து நம்ம திரையில ஒரு ஜன்னலைக்கூடத் தொறக்க முடியாது. சர்வீஸ் பாட்டுக்கு பேக்கப் எடுக்கட்டும்னு விட்டுட்டு, அதோட லாக்கைப் பாத்துச் சொல்ல மட்டும் தனியா ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். டாஸ்க் ஷெட்யூலர்ல 'பயனர் லாகின் பண்ணியிருந்தா மட்டும் ஓட்டு'ங்கறதைத் தேர்ந்தெடுத்தேன். விண்டோஸ்ல ஸ்கிரிப்ட் எழுதற பவர்ஷெல்லுக்கு பர்ன்ட்டோஸ்ட்னு ஒரு மாட்யூல் இருக்குது, ஒரே வரியில வேலை முடிஞ்சுது.

இன்னொண்ணு. விண்டோஸ் 10ல புரொஜெக்டர் மாட்டித் திரையை டூப்ளிகேட் பண்ணும்போது நோட்டிஃபிகேஷனை அடக்கிவெக்கற ஃபோகஸ் அசிஸ்ட் தானா ஆன் ஆகும். அப்ப வர்றது திரையில எட்டிப்பாக்காம வந்ததெல்லாம் சேர்ற ஆக்ஷன் சென்டருக்குள்ள நேரா போயிரும். நிரல்ல கோளாறுன்னு தேடறதுக்கு முன்னால அதைப் பாருங்க.

ஈரோடு, மஞ்சள் மண்டி

எங்க ஐயன் மண்டிக்கு நான்தான் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் பாக்கறேனுங்க. சீசன்ல விரலி, கிழங்குன்னு லாட் லாட்டா விலை விழுகும். ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தா யாருங்க படிப்பாங்க? கணக்குப்புள்ளை வந்த வேகத்துல மூடிக்கிட்டே இருந்தாரு. அதுல முக்கியமானதும் சேந்து மூடிப்போயிருமேன்னுதான் எனக்கு பயம்.

அதனால ரெண்டாப் பிரிச்சேன். விலைக்கெல்லாம் ஒரே பெட்டி. நோட்டிஃபை-செண்ட்ல எண்ணைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி ஒரு ஆப்ஷன் இருக்குது. அந்த எண்ணை வெச்சு அடுத்த சேதியை அனுப்புனா பழைய பெட்டியிலயே எழுத்து மாறும், புதுசா குவியாது. பழைய பதிப்புகள்ல இந்த வசதி இல்லைங்க. விவசாயிக்குப் பணம் குடுக்கவேண்டிய நாளுக்கு மட்டும் அவசர நிலையை 'கிரிட்டிக்கல்'னு வெச்சேன். லோ, நார்மல், கிரிட்டிக்கல்னு மூணு நிலை உண்டு, கிரிட்டிக்கல் தானா மறையாது, ஆள் வந்து மூடோணும். வெள்ளாமை எடுத்துக் கொண்டாந்து போட்டவங்க பணத்துக்கு ரெண்டாந்தடவை நடக்கக்கூடாதுங்கறது ஐயனோட கண்டிப்பு. எனக்கும் அது ஒண்ணுதான் முக்கியம், மத்ததெல்லாம் திரையில வராட்டியும் பரவாயில்லைங்க. எத்தனை மில்லி செகண்டு நிக்கோணும்னும் சொல்லலாம், ஆனா க்னோம் அதைக் கண்டுக்கறதில்லை. அதை நம்பாதீங்க.

பேருல & குறி இருக்கற பார்ட்டி இருந்தா அதையும் கவனிங்க. செய்திப் பகுதியில தடிமன், சாய்வு எழுத்துக்கான குறிகளுக்கு இடமிருக்கறதால & குறியும் < குறியும் அப்படியே போனா சில டெஸ்க்டாப்புல வரி சரியா வராது. நிரல்லயே மாத்தி அனுப்போணும்.

பொள்ளாச்சி, கல்லூரி மாணவி

மேக்ல ஓஎஸ்ஏஸ்கிரிப்ட்னு ஒரு கட்டளைங்க, அதுக்குள்ள 'டிஸ்பிளே நோட்டிஃபிகேஷன்'னு எழுதினாப் போதும், எதையும் நிறுவவேண்டியதில்லை. வரலைன்னா சிஸ்டம் செட்டிங்ஸ்ல ஸ்கிரிப்ட் எடிட்டருக்கு அனுமதி இருக்குதான்னு பாருங்க.

கரூர், வீட்டு ஜவுளி நிறுவனக் கணக்குப் பிரிவு

பீளமேட்டுத் தம்பி சொன்ன பர்ன்ட்டோஸ்ட்டைத்தான் நானும் வெச்சிருக்கேனுங்க. எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்குத் தமிழ்ல இருந்தாத்தான் சட்டுனு புரியும். 'சம்பளப் பட்டியல் தயார்'னு ஸ்கிரிப்ட்ல எழுதி ஓட்டினா வேற ஏதோ எழுத்தாக் கொட்டுச்சு. ஃபாண்ட் கோளாறு இல்லைங்க அது. விண்டோஸோட கூடவே வர்ற பவர்ஷெல் 5.1, ஃபைலோட தலையில பிஓஎம்ங்கிற அடையாளம் இல்லைன்னா அதைத் தமிழும் அடங்குற யூடிஎஃப்-8 குறியீடுன்னு எடுத்துக்காது, பழைய குறியீட்டுல படிச்சிரும். நோட்பேட்ல 'சேவ் ஆஸ்' போய் என்கோடிங் இடத்துல 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்'னு தேர்ந்தெடுத்துச் சேமிச்சதும் தமிழ் சுத்தமா வந்துச்சு. பவர்ஷெல் 7 நிறுவியிருக்கறவங்களுக்கு இது வேண்டியதில்லை. தொகையை மட்டும் பெட்டியில காட்டாதீங்க. பக்கத்து மேசையில இருக்கறவங்களுக்கும் அந்தத் திரை தெரியும், யாருக்கு எவ்வளவு சம்பளம்ங்கறது அவங்க ஃபைலைத் தொறந்து பாத்துக்கட்டும்.