பிரைமர் சொரசொரப்பாகப் படிகிறது: காரணமும் தீர்வும் வேண்டும்

கேள்வி (தருமபுரி)

அனைவருக்கும் வணக்கம். திப்புவின் மைசூர்ப் படையை 28 மி.மீ. உலோகப் பொம்மைகளாகச் சேர்த்து வண்ணம் தீட்டி வருகிறேன். 1791 நவம்பரில் ஆங்கிலேயர் கிருஷ்ணகிரியில் கோட்டையடி ஊரான பேட்டையைப் பிடித்தும் மலைக்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பிய சண்டையை மேசையில் போர் விளையாட்டாக ஆடிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இந்தச் சித்திரையில் மொட்டை மாடியில் வைத்து அடித்த சாம்பல் நிற ஸ்பிரே பிரைமர் (வண்ணத்துக்கு முன் கொடுக்கும் அடிப்பூச்சு), காய்ந்தபின் உப்புத்தாள் போலச் சொரசொரக்கிறது. சிப்பாய்களின் மேலங்கியில் புலிவரி போட்டால் கோட்டின் ஓரமெல்லாம் பிசிறடிக்கிறது. பொம்மைகளைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்திய பிறகே அடித்தேன். இதே டப்பா மார்கழியில் வழவழப்பாகவே படிந்தது. இதன்மேல் இன்னொரு பூச்சு கொடுத்தால் சரியாகுமா?

மறுமொழி (ஓசூர்)

வணக்கம் நண்பரே. மார்கழியில் சரியாக வந்தது என்பதால் டப்பாவின் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. வெயிலும் காற்றும்தான் காரணம். வறண்ட சூட்டில், முனையிலிருந்து கிளம்பும் துளிகள் பொம்மையைச் சேரும் முன்பே பாதி காய்ந்துவிடுவதால், ஒன்றோடொன்று கலந்து பரவ முடியாமல் தூளாக ஒட்டிக்கொள்கின்றன. தொலைவு கூடக் கூட இது மோசமாகும்.

விடிந்தவுடன், காற்று எழும் முன், நிழலில் அடியுங்கள். முப்பது செ.மீ. தள்ளி நிற்கும் பழக்கம் இருந்தால் இருபதுக்கு வாருங்கள். பொம்மைக்கு வெளியே தொடங்கி, அதைக் கடந்து போய் நிறுத்துங்கள். ஒரே இடத்தில் நிறுத்தி அடித்தால் வழிந்து, முகத்தின் நுணுக்கங்கள் மூடிப்போகும். டப்பாவை வெயிலில் வைப்பது ஆபத்து. முதலில் ஓர் ஐஸ் குச்சியில் அடித்துப் பார்த்துவிடுங்கள். சொரசொரப்பின் மேல் மறுபூச்சு மட்டும் வேண்டாம். அது மேட்டை இன்னும் உயர்த்துமே தவிர நிரப்பாது.

மறுமொழி (கிருஷ்ணகிரி)

தம்பி, அண்ணன் ஓசூரிலிருந்து சொன்னது சரிதான், ஆனால் அவருடைய ஊர்க் குளுமை நமக்குக் கிடையாது. சித்திரை, வைகாசியில் நான் ஸ்பிரேயைத் தொடுவதே இல்லை. தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமரை வீட்டுக்குள் உட்கார்ந்து இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுக்கிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் படை முழுவதும் ஒரே சீராக வரும்.

கெட்டுப்போனவற்றை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் பூச்சு பெரும்பாலும் கழன்றுவிடும். அசிட்டோன் இன்னும் வேகமாக வேலை செய்யும் என்றாலும், பிளாஸ்டிக் அடித்தட்டைக் கரைத்துவிடும், சூப்பர் குளூவையும் இளக்கிவிடும். ஆகவே தட்டைக் கழற்றிய உலோக உருவத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். எதுவானாலும் கையுறை அணிந்து, அடுப்புக்குத் தூரமாக, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. விடியற்காலையில் நிழலில் குச்சி மீது அடித்துப் பார்த்தேன். விரலால் தடவினால் வழுக்குகிறது. ஆல்கஹாலில் ஊறிய சிப்பாய்களின் பொத்தான்கள்கூடத் தெளிவாக வெளிவந்துவிட்டன. கடைசியில் மேட் வார்னிஷையும் (பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு) இதே நேரத்தில் அடிக்கலாமா?

மறுமொழி (ஓசூர்)

கோடையில் அடிக்கலாம். ஐப்பசி மழையில் வேண்டாம். அந்த ஈரத்தில் வார்னிஷ் வெண்பனி போல வெளுத்துப் புலிவரிகளையே மறைத்துவிடும். அப்போது தூரிகையால் பூசும் வார்னிஷ்தான் நம்பகமானது.