பிளாஸ்டிக் மாடல்ல நிறம் பிரிக்க ஒட்டின டேப்பை உரிச்சா பெயிண்டும் கூடவே வருதா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சுங்கை சிப்புட்டிலிருந்து:

உரிஞ்சு வந்த டேப்பைக் கசக்கித் தூக்கிப் போட்டுடாதீங்க. திருப்பிப் பாருங்க. பெயிண்ட் நிக்கலைன்னு விமான மாடலைத் தூக்கிட்டு யார் வந்தாலும் நான் முதல்ல கேட்கிறது அந்த டேப்பைத்தான். ப்ரைமரோட, அதான் முதல்ல அடிக்கிற அடிப்பூச்சோட, சேர்ந்து எல்லாமே வந்து, கீழே வெறும் பிளாஸ்டிக் தெரிஞ்சா, கோளாறு அடியில. ப்ரைமர் நின்னு, மேல் நிறம் மட்டும் வந்திருந்தா, ப்ரைமர் மேல கை எண்ணெய் பட்டிருக்கும், இல்லை அது சரியா காயலை. விரலால தடவினா மாவா உதிருதா? ஏர்பிரஷ்ஷைத் தூரத்தில பிடிச்சு அடிச்சதில பெயிண்ட் காத்திலேயே காஞ்சு விழுந்திருக்கு.

போன மாசம் ஒரு தம்பி 1/72 அளவுல ஸ்பிட்ஃபயர் பிஆர் 19, அதான் மேலேயிருந்து படம் எடுக்கிற ரகம், கொண்டு வந்தான். 1948 ஜூன் 16-ல நம்ம ஊர்த் தோட்டங்கள்ல துரைமார் மூணு பேரைச் சுட்ட பிறகுதானே மலாயாவில கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அவசரகாலம் வந்தது. அதனால இங்க மாடல் கட்டுறவனுக்கு அந்தக் கால விமானம் ஒண்ணாவது அலமாரியில இருக்கணும். பிரிட்டிஷ் விமானப்படை ஸ்பிட்ஃபயரைக் கடைசியா போர்ப் பணிக்கு அனுப்பினதும் இங்கதான்: 1954 ஏப்ரல் 1, சிங்கப்பூர் சிலேத்தாரிலிருந்து 81-வது படைப்பிரிவு, ஜொகூர் காட்டைப் படம் எடுக்க. மேலே மீடியம் சீ கிரே, கீழே பிஆர்யூ நீலம். ரெண்டும் சேர்ற இடத்தில டேப் ஒட்டித்தான் ஆகணும். தம்பி டேப்பை எடுத்தப்போ இறக்கையோட முன்விளிம்பு நெடுக நீலம் பாம்புச் சட்டை மாதிரி கழண்டு வந்துருச்சு.

“கிட்டை சோப்புப் போட்டுக் கழுவினேன் அண்ணே”ங்கிறான். கழுவினது வாஸ்தவம்தான், ஆனா பாகங்களை வெட்டுறதுக்கு முன்னாடி. அச்சில ஒட்டாம இருக்கத் தடவின எண்ணெய் அதில போயிருக்கும். அப்புறம் வாரக்கணக்கா கையில பிடிச்சு ஒட்டி, புட்டி வச்சு, தேய்ச்சதை யார் கழுவுறது? ப்ரைமருக்கு முந்தின நாள் வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பு, பழைய பல் பிரஷ். காஞ்சதும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால ஒரு துடை, அதுக்கப்புறம் கையுறை.

அவன் அடிச்சது தண்ணியில கரையற பாலியூரித்தேன் ப்ரைமர். அது பிளாஸ்டிக்கைக் கடிக்காது, மேல போர்த்திட்டு உட்கார்ந்திருக்கும். லேக்கர் ப்ரைமர்ல இருக்கிற கரைப்பான் மாடலோட பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை லேசா இளக்கிப் பிடிச்சுக்கும். மிஸ்டர் சர்ஃபேசர் மாதிரி லேக்கர் அடியில இருந்தா உரிஞ்ச ஓரத்தை 1500 நம்பர் மணல் தாளால ஈரத்தோட சரிவாத் தேய்ச்சு ஒட்டுப் போட்டுடலாம். பாலியூரித்தேனைத் தேய்ச்சா சுருண்டு கிழியும். அதனால முழுசா உரிச்சுடுன்னேன். முகம் வாடிப் போச்சு, பாவம். ஆனா லேக்கர் அடிக்க முகமூடியும் நல்ல காத்தோட்டமும் வேணும். சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்குள்ள நான் அடிக்கச் சொல்லமாட்டேன்.

லிந்தாங்கிலிருந்து:

அண்ணே, இதைக் கேளுங்க. பெயிண்ட் படாம மறைக்கிற திரவ மாஸ்க் விலை கட்டுப்படியாகலைன்னு என் அக்கா மகன் கித்தாப் பாலையே, அதான் ரப்பர் மரத்துப் பாலையே, எடுத்து காக்பிட் கண்ணாடி மேல பூசிட்டான்! மரத்தில பால் வடியற மங்கிலிருந்து எடுத்த புதுப் பால். காஞ்சதும் பெயிண்ட் அடிச்சு, பல் குத்துற குச்சியால ஓரத்தைக் கிளப்பினா அழகா உரிஞ்சு வந்துச்சு. ருசி கண்டவன் அடுத்த தடவை பால் சேர்க்கிற கொட்டாயிலிருந்து டப்பாவில கொண்டு வந்து, அக்ரிலிக் அடிச்ச இறக்கை மேலயே பூசினான். பெயிண்ட் இளகி, பாலோட சேர்ந்து வந்துருச்சு. புதுப் பாலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

அம்மோனியா, தம்பி. பால் உறையாம இருக்கக் கலக்கிறது. உங்க அப்பாவைக் கேட்டா அந்த நெடியைச் சொல்லுவாரு. அம்மோனியா அக்ரிலிக்கைக் கரைக்கும். பெயிண்டை உரிக்க அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கிற திரவத்தைச் சிலர் வேணும்னே பயன்படுத்துறாங்க. கடையில விக்கிற ரப்பர் மாஸ்க் சிலதிலயும் அது உண்டு, முதல்ல ஓரத்தில சோதிங்க. மருமகன் கெட்டிக்காரன்தான், வெறும் கண்ணாடியோட நிறுத்திக்கச் சொல்லுங்க.

கோல கங்சாரிலிருந்து:

நம்ம ஊர் மழையை விட்டுட்டீங்களே. சாயங்காலம் இடியும் மழையும் வந்தா கம்பிரசர் தொட்டியில தண்ணி சேரும். அடியில இருக்கிற திருகைத் திறந்தா துருத்தண்ணி கொட்டுது. அது ஏர்பிரஷ் வழியா துளித்துளியா தெறிச்ச இடத்திலதான் எனக்குப் பெயிண்ட் உரிஞ்சுது. லேக்கரா இருந்தா வெள்ளையா பூத்துடும். இப்ப மழை நாள்ல அடிக்கிறதே இல்லை. டேப் ஒட்டுறதுக்கு முன்னாடி மோந்து பார்ப்பேன். பெயிண்ட் வாசம் இருந்தா இன்னும் ஒரு நாள் விட்டுடுவேன். டேப்பையும் உள்ளங்கையில ரெண்டு தடவை ஒட்டி எடுத்து, பசையைக் குறைச்சுட்டுத்தான் மாடல் மேல வைப்பேன். எடுக்கும்போது மேல தூக்காம, டேப்பைத் தன் மேலயே மடிச்சு மெதுவா இழுப்பேன்.

ஒரு சந்தேகம். மலேசிய ஆகாயப்படை 1995-லிருந்து 2017 வரைக்கும் வச்சிருந்த மிக் 29 பெரிய அளவுல கட்டுறேன். டயர் மட்டும் மெத்துன்னு வினைல்ல இருக்கு, எனாமல் அடிச்சு வாரக்கணக்காகியும் பிசுபிசுன்னே இருக்கு. என்ன செய்யலாம்?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

அது காயாது. வினைலை மெத்துன்னு வச்சிருக்கிற எண்ணெய் மேல கசிஞ்சுக்கிட்டே இருக்கும். ரெசின் டயர் கிடைச்சா மாத்திடுங்க. கிடைக்கலைன்னா பெயிண்டைத் துடைச்சுட்டு அதோட சொந்தக் கருப்பிலேயே விடுங்க.