இரட்டைக் கோபுரம் சரிந்தது விமானத்தாலா, வடிவமைப்பாலா?

கொத்தனார்மகன்: 2001 செப்டம்பர் 11-ல விமானங்கள் மோதி நியூயார்க் உலக வர்த்தக மையத்தோட இரட்டைக் கோபுரம் விழுந்ததைப் பத்தி, "எந்தக் கட்டடமா இருந்தாலும் விழுந்திருக்கும்"னு மூர்த்தி சார் நேத்து எழுதினதை ஏத்துக்க முடியல. 1945-ல அதே ஊர்ல எம்பயர் ஸ்டேட் கட்டடம் மேல பி-25 குண்டுவீச்சு விமானம் மோதிச்சு. அது இன்னும் நிக்குது. வர்த்தக மையத்துலயோ, வாடகைக்கு விட இடம் விசாலமா வேணும்னு நடுக்கூட்டுக்கும் (லிஃப்ட், படிக்கட்டு இருக்கிற மையப் பகுதி) வெளிச்சுவருக்கும் இடையில தூணே வைக்கல. 18 மீட்டர் வரைக்கும் ஒல்லி ட்ரஸ்தான் (கம்பிகளை முக்கோணமா இணைச்ச இரும்புச் சட்டம்) தளத்தைத் தாங்குச்சு.

மூர்த்தி: பி-25 எங்கே, கோபுரத்தில் மோதிய போயிங் 767 பயணிகள் விமானம் எங்கே தம்பி? இது நூறு டன்னுக்கு மேல. வடக்குக் கோபுரத்தில் முகத்துக்கு 59 தூண். மோதிய முகத்தில் பாதிக்கு மேல் அறுந்தும் 102 நிமிஷம் நின்றதே! நெருக்கமான வெளித்தூண்கள் சுமையைப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டதால்தான் கீழே இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள்.

கொத்தனார்மகன்: நின்னது சரி, விழுந்தது எப்படி? சூட்டுல தொங்கிப்போன தளம் வெளித்தூணை உள்பக்கமா இழுத்துச்சு. 2005-ல வந்த அரசு ஆய்வறிக்கையே சொல்லுது.

மூர்த்தி: மோதலில் தீத்தடுப்புப் பூச்சு பரவலாக உதிராமல் இருந்திருந்தால் அநேகமாக விழுந்திருக்காது என்பதும் அதே அறிக்கைதான். பாதியை மட்டும் படிக்காதீங்க.

கொத்தனார்மகன்: அப்போ அதே வளாகத்துல இருந்த 7-ஆம் கட்டடம்? விமானமே மோதல. எரிஞ்சு எரிஞ்சு சாயங்காலம் 5:20-க்கு விழுந்துச்சு. சூட்டுல நீளம் கூடின பீம்கள் ஒரு கர்டரை (பீம்களைத் தாங்குற பெரிய உத்திரம்) அதோட இருக்கையிலிருந்து தள்ளிவிட, தளங்கள் விழுந்து, பிடிமானம் போன 79-ஆம் தூண் மடங்கிடுச்சு.

மலர்விழி: நீங்க ரெண்டு பேரும் இரும்பையே பேசிட்டு இருக்கீங்க, படிக்கட்டை யாரும் தொடல. மூணு படிக்கட்டும் நடுக்கூட்டுல, ஜிப்சம் போர்டு சுவருக்குள்ள. வடக்குல மூணும் அடைபட்டுப் போச்சு. 92-ஆம் மாடியிலயும் அதுக்கு மேலயும் இருந்த ஒருத்தரும் தப்பல. தெற்குல, லிஃப்ட் எந்திரங்களைச் சுத்தி ஒதுங்கிப் போன ஒரு படிக்கட்டு பிழைச்சுது. மோதின மாடிகள்லயும் அதுக்கு மேலயும் இருந்தவங்கள்ல 18 பேர் இறங்கி வந்தாங்க. அதுவும் வடிவமைப்புதானே?

மூர்த்தி: படிக்கட்டு விஷயத்தில் பதில் இல்லை அம்மா, ஒத்துக்கறேன். ஆனா தம்பி, 7-ல் தளத்தைத் தாங்கியது ட்ரஸ் இல்லை, கெட்டியான பீம். உங்க ஒல்லி ட்ரஸ் வாதம் அங்கே எடுபடாது.

கொத்தனார்மகன்: ஒல்லியை விடுங்க சார், நீளத்தைப் பாருங்க. அந்த பீமும் 16 மீட்டர். தூணில்லாத தளம் கேட்டது அங்கயும் வாடகைதான்.