பிளேஃபேர் டிஸ்ப்ளே இட்டாலிக்: ஃபாயிலில் மெல்லிய கோடு விழவில்லை

மாசிவீதி:
வணக்கம். மதுரையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறேன். அரக்கு நிற அட்டை, 300 ஜிஎஸ்எம் கனம், அதில் தங்க ஃபாயில் (அட்டையில் அழுத்தி ஒட்டும் மெல்லிய பளபளப்புப் படலம்). ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். ஆங்கிலப் பக்கத்துக்கு பிளேஃபேர் டிஸ்ப்ளே என்ற ஃபாண்டின் இட்டாலிக் (சாய்ந்த வடிவம்) எடுத்தேன். மணமக்கள் பெயர் 36 பாயிண்ட், மண்டப முகவரி அதே ஃபாண்டில் 9 பாயிண்ட். திரையில் பார்த்துவிட்டு மணப்பெண்ணின் அம்மா, "நகைப்பெட்டியைத் திறந்த மாதிரி இருக்குப்பா" என்றார்.

நேற்று சாம்பிள் வந்தது. பெயர்கள் நன்றாக விழுந்திருக்கின்றன. முகவரிதான் போய்விட்டது. சிறிய 'என்' (n) எழுத்தில் இரண்டு காலையும் சேர்க்கும் இழை விழவே இல்லை. இரண்டு குச்சி தனித்தனியாக நிற்கிறது. அச்சகத்தில் அவுட்லைன் (எழுத்தைச் சுற்றி ஒரு கோடு) கொடுத்துக் கொண்டுவரச் சொல்கிறார்கள். கொடுத்துப் பார்த்தேன், எழுத்து வீங்கிப்போகிறது. அந்த நளினம் போகாமல் காப்பாற்ற வழி உண்டா?

ஈயக்கட்டை:
அவுட்லைன் வேண்டாம் தம்பி. தடித்த காலுக்கும் மெல்லிய இழைக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இந்த எழுத்துக்கு உயிர். அவுட்லைன் இரண்டிலும் ஒரே அளவு சதையை ஏற்றிவிடும். இழை இரண்டு மடங்காகும், எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் அடைபடும்.

கணக்குப் போட்டுப் பார். ஒரு பாயிண்ட் சுமார் 0.35 மில்லிமீட்டர். இழை எழுத்தளவில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள். 36 பாயிண்டில் கால் மில்லிமீட்டர் வரும், ஃபாயில் அதைப் பிடித்துக்கொள்ளும். 9 பாயிண்டில் 0.06 மில்லிமீட்டர்தான். சொரசொரப்பான அட்டையில் அது எப்படி ஒட்டும்? அச்சகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஃபாண்டின் பெயரிலேயே 'டிஸ்ப்ளே' இருக்கிறது. தலைப்புக்கு வரைந்த எழுத்து அது.

அப்பாவின் அச்சகத்தில் பன்னிரண்டு வயதிலிருந்து எழுத்துக் கோத்தவன் நான். 8 பாயிண்ட் ஈய எழுத்தையும் 24 பாயிண்டையும் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரே ஜாடை, ஆனால் ஒன்றின் சுருக்கம் இல்லை மற்றது. சின்னதில் இழை தடிப்பாக இருக்கும், எழுத்து கொஞ்சம் அகலமாக இருக்கும், இடைவெளியும் தாராளம். காரணம், ஒவ்வோர் அளவுக்கும் எஃகு அச்சைத் தனியாக வெட்டுவார்கள். இத்தாலியின் பார்மாவில் போதோனி, பாரிஸில் திதோ குடும்பம் ஆகிய அச்சாளர்கள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இழையை முடிபோல மெலிய வைத்தார்கள். அதற்கு ஏற்ற வழவழப்பான தாள் அப்போது இருந்தது. அந்தக் காலத்து முறையே அளவுக்கு ஓர் அச்சு என்பதுதான்.

கணினி வந்ததும் ஒரே வரைவை இழுத்துச் சுருக்கப் பழகிவிட்டோம். சிலர் அதை ஏற்கவில்லை. ஜோனதன் ஹோஃப்லர் 'ஹார்பர்ஸ் பஜார்' இதழுக்காகத் திதோ பாணியில் எழுத்து வரைந்தபோது 6 பாயிண்ட் முதல் 96 வரை ஏழு அளவுக்கு ஏழு வரைவு செய்தார். அந்த அட்டைப்படங்களில் தலைப்பின் இழை அத்தனை துல்லியமாக நிற்பதற்கு அந்த உழைப்புதான் காரணம்.

உன் வேலைக்கு இலவசமாகவே வழி இருக்கிறது. நீ எடுத்தது கிளாஸ் எகர்ஸ் சோரன்சன் 2011இல் வெளியிட்டது. அவரே பின்னால் 'டிஸ்ப்ளே' என்ற ஒட்டில்லாமல் வெறும் 'பிளேஃபேர்' என்று வேரியபிள் ஃபாண்ட் கொடுத்திருக்கிறார், இட்டாலிக்கும் உண்டு. அதில் எழுத்தளவுக்கு ஏற்ப வரைவை மாற்றும் ஆப்டிகல் சைஸ் ஸ்லைடர் இருக்கும். முகவரிக்கு அதைக் கீழே இறக்கு, இழை தானாகத் தடிக்கும். பெயருக்கு இப்போது இருப்பதையே வை. போதோனி சாயல் பிடித்தால் 'போதோனி மோடா'விலும் இதே வசதி உண்டு. கர்வ் பண்ணுவதற்கு (எழுத்தை வெறும் வரைவாக மாற்றுவதற்கு) முன் அளவை முடிவு செய்துவிடு. பிறகு ஸ்லைடர் வேலை செய்யாது.

கோடும்_சுழியும்:
ஈயக்கட்டை ஐயா சொன்னதோடு ஒன்று. தமிழ்ப் பக்கத்தையும் இட்டாலிக் ஆக்கிவிடாதீர்கள். ஆங்கில இட்டாலிக் சாய்த்த எழுத்தாகப் பிறக்கவில்லை. வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் என்ற பதிப்பாளருக்காக கிரிஃபோ என்பவர் அச்சு வெட்டி 1501இல் வெர்ஜில் நூலில் வந்தபோதே அது கையெழுத்தின் ஓட்டம். சிறிய 'ஏ' (a) இட்டாலிக்கில் உருவமே மாறுவது அதனால்தான். தமிழுக்கு அப்படி அச்சு மரபு இல்லை. மென்பொருளில் பொத்தானை அமுக்கினால் 'ழ'வின் கீழ்ச்சுழி ஒருபக்கம் இழுபட்டுத் தவிக்கும். தடிப்பும் மெலிவும் உள்ள நிமிர்ந்த எழுத்தைப் போடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் இதற்கு நல்ல ஜோடி.

மாசிவீதி:
ரொம்ப நன்றி ஐயா, இரண்டு பேருக்கும். தமிழ்ப் பெயரைச் சாய்த்துத்தான் வைத்திருந்தேன், நிமிர்த்திவிட்டேன். 'ழ' இரண்டு பெயரிலும் வருகிறது. முகவரியை பிளேஃபேருக்கு மாற்றி, ஸ்லைடரை 9க்கு இறக்கி, எழுத்திடைவெளியும் கொஞ்சம் கூட்டினேன். இன்று மத்தியானம் அதே அட்டையில் ஒன்று அடித்துக் காட்டினார்கள். 'என்' எழுத்தின் இரண்டு காலும் சேர்ந்துவிட்டன. பின்கோடில் வரும் 6இன் வால் மட்டும் இன்னும் பாதியில் நிற்கிறது. முகவரியை 10 பாயிண்டாக்கி நாளைக் காலை மறுபடி அடிக்கிறோம்.

ஈயக்கட்டை:
10 சரியாக இருக்கும். அடித்ததும் லென்ஸ் வைத்துப் படம் எடுத்துப் போடு தம்பி.