சரிபார்த்து பூட் ஆகும் கன்ட்ரோலரில் பிளாஷைப் பிரித்த அனுபவம்

எங்கள் போர்டில் பவரையும் கீபோர்டையும் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலர் எஸ்டிஎம்32எஃப்446, நிரல் இருக்கும் பிளாஷ் மெமரி 512 கேபி. ரீசெட் ஆனதும் பிளாஷில் பூட்டிவைத்த, மாற்ற முடியாத ஆர்ஓ பகுதி ஓடும். தன்னிடமுள்ள பொதுச் சாவியால் அப்டேட்டில் மாற்றக்கூடிய ஆர்டபிள்யூ நிரல் இமேஜின் கையொப்பத்தைச் சரிபார்க்கும். சரியாக இருந்தால்தான் அங்கே தாவும். இதெல்லாம் எழுதிவிடலாம், பாடுபடுத்தியது பிளாஷைப் பிரிக்கும் வேலைதான்.

இந்தச் சிப்பில் செக்டர்கள் ஒரே அளவில் இல்லை. முதல் நான்கும் 16 கேபி, அடுத்தது 64, கடைசி மூன்றும் 128. அழிப்பதானாலும் பூட்டுவதானாலும் முழு செக்டராகத்தான். எங்கள் ஆர்ஓ 40 கேபியைத் தாண்டியிருந்தது. அதற்கு மூன்று செக்டர் கொடுத்தால் சின்ன செக்டர் ஒன்றுதான் மிஞ்சும். பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் ரோல்பேக் எண்ணுக்கோ இரண்டு வேண்டும்: ஒன்றை அழித்து எழுதும்போது கரண்ட் போனாலும் பழைய எண் இன்னொன்றில் பத்திரமாக இருக்கணும். அந்த எண் தொலைந்தால், ஓட்டை உள்ள பழைய ஃபர்ம்வேரும் கையொப்பம் சரி என்று உள்ளே வந்துவிடும்.

அதனால் ஆர்ஓவை இளைக்க வைத்தோம். கன்சோல் கட்டளைகள், கீபோர்டு ஸ்கேன் எல்லாம் ஆர்டபிள்யூவுக்குப் போயின. சரிபார்ப்பும், மீட்புக்கான யுஆர்ட் (சீரியல் இணைப்பு) அப்டேட்டும் மட்டும் நின்றன. 32 கேபிக்குள் அடங்கியது. இடத்துக்காகச் செய்தது என்றாலும் இதுதான் சரியான வழி என்று உறுதியாகச் சொல்வேன். பூட்டி அனுப்பிய ஆர்ஓவில் பிழை இருந்தால், வாடிக்கையாளர் கையில் இருக்கும் போர்டை அப்டேட்டில் திருத்த முடியாது. அங்கே ஒவ்வொரு வரி குறைவதும் லாபம்தான். அப்புறம் 128 கேபி செக்டர்களில் ஏ, பி என்று இரண்டு ஆர்டபிள்யூ வைத்தோம். 64 கேபி செக்டர் லாகுக்கு (நிகழ்வுப் பதிவுகளுக்கு) போனது.

—

அண்ணா, எங்களுடையது எஸ்டிஎம்32எஃப்072. மொத்தம் 128 கேபி, பக்கம் 2 கேபி, பூட்டுவது 4 கேபி அளவில். பாதிக்குப் பாதி பிரிப்பது சுலபம். ஆனால் அதிலுள்ள கார்டெக்ஸ்-எம்0 கோரில் வெக்டர் டேபிளை (எந்த இன்டரப்டுக்கு எந்த நிரல் என்ற முகவரிப் பட்டியலை) நகர்த்தும் ரெஜிஸ்டரே கிடையாது. ஆர்டபிள்யூ தொடங்கியதும் டேபிளை ராமின் தொடக்கத்துக்கு காப்பி செய்து, முகவரி 0-வில் ராம் தெரியும்படி மெமரியை ரீமேப் செய்த பிறகே இன்டரப்டைத் திறக்கலாம். மெமரியில் எது எங்கே என்று சொல்லும் லிங்கர் ஸ்கிரிப்டில் ராமின் முதல் 192 பைட்டை அதற்கென்றே ஒதுக்கினோம்.

—

எஃப்446க்கு ஒன்று சேர்க்கிறேன். 128 கேபி செக்டரை அழிக்க ஒரு வினாடி அளவுக்கு ஆகும். பிளாஷ் முழுவதும் ஒரே பேங்க் என்பதால் அதுவரை பிளாஷிலிருந்து நிரல் ஓடாது. வாட்ச்டாக் (நிரல் நின்றுபோனால் ரீசெட் செய்யும் டைமர்) நேரம் அதைவிடக் குறைவாக இருந்தால் அப்டேட் பாதியில் ரீசெட் ஆகும், பார்த்துக்கொள்ளுங்கள்.